தாய்மாமன் சீர்க் கதவும் எஸ்தரின் சேலைகளும்

மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. கூடத்தின் நடுவில் நான் நிற்கிறேன். என் தோளில் மடிப்புக் கலையாத வெள்ளைச் சேலை. எதிரே ஒரு கம்பியில் போனை மாட்டிவைத்து, அதைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறாள் என் மருமகள் எஸ்தர். வட்ட விளக்கு ஒன்று எரிகிறது. போனுக்கு அந்தப் பக்கம் எந்தெந்த ஊர்ப் பெண்களோ எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"சுத்த வெள்ளைங்க. ஓரத்துல மட்டும் சன்னமா சரிகை. கோயிலுக்கும் கட்டலாம், சர்ச்சுக்கும் கட்டலாம். ஆயா, முந்தானையக் கொஞ்சம் விரிச்சுக் காட்டுங்க."

போனில் பேசும்போது மட்டும் அவளுக்கு நான் ஆயா. விரித்தேன். அதே நேரம் பார்த்து வெயில் எதிர்வீட்டுத் தென்னையைத் தாண்டி எங்கள் வாசல் கதவுக்கு வந்தது. என் இடுப்பில் சிவப்பு விழுந்தது. தோளில் நீலம். முந்தானையில் மஞ்சளும் பச்சையும். போனில் வந்து விழுந்த எழுத்தைப் படித்த எஸ்தரின் முகம் சுண்டிப்போனது.

"இன்னா எழுதிகீறாங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அந்தப் பல கலர் சேலை இன்னா விலைன்னு கேக்கறாங்க அத்தே."

எங்கள் வாசல் கதவு இரட்டைக் கதவு. கீழ்ப்பாதி தேக்கு, மேல்பாதி கண்ணாடி. சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று வெற்றிலை அளவுத் துண்டுகளைக் கட்டம் கட்டமாகச் சட்டத்துக்குள் பொருத்தியிருக்கும். அந்தக் கண்ணாடியை எப்படி எடுத்தோம் என்பதுதான் இந்த வாரக் கதை.

நான் மாடல் ஆன விதம்

என் பெயர் கன்னி. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எஸ்தர்தான் எழுதி அனுப்புகிறாள். அவளைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் உடனே பேனாவைக் கீழே வைத்துவிடுகிறாள். இன்றைக்கு வைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லியிருக்கிறேன்.

என் மகன் சேகர் நாவலூர் ஆபீசுகளுக்கு ஆள் ஏற்றி இறக்கும் வண்டி ஓட்டுகிறான். அப்படி ஏற்றி இறக்கிய ஒருத்திதான் எஸ்தர். அவர்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம், நாங்கள் கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற குடும்பம். இரண்டு பக்கமும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள். பேத்தி பிறந்ததும் முகங்கள் எல்லாம் இறங்கிவிட்டன.

குழந்தை பிறந்த பிறகு எஸ்தரால் நைட் ஷிப்ட் போக முடியவில்லை. சாயங்காலம் வேன் வரும், விடிந்ததும் கொண்டு வந்து விடும். தூங்குகிற குழந்தையை விட்டுப் போய், தூங்குகிற குழந்தையிடம் திரும்பி வருவாள். ஒருநாள் குழந்தை என்னை அம்மா என்று கூப்பிட்டது. அதைக் கேட்டுக்கொண்டு நின்றவள் அந்த மாதத்தோடு வேலையை விட்டுவிட்டாள்.

அப்புறம்தான் இந்தச் சேலை வியாபாரம். காஞ்சிபுரம் பக்கம் மொத்த வியாபாரியிடம் எடுத்து வருவாள். போனில் காட்டுவாள். கேட்கிறவர்களுக்குப் பார்சல் கட்டுவாள். முதலில் அவளே தோளில் போட்டுக் காட்டினாள். பேசவும் வேண்டும், காட்டவும் வேண்டும், குழந்தையையும் பார்க்க வேண்டும் என்றபோது, "குடு, நான் போட்டுகினு நிக்கறேன்" என்றேன். அன்றிலிருந்து நான்தான் நிற்கிறேன். திருச்சியில் ஒரு பெண் என் மூக்குத்தியைப் பற்றி விசாரித்தாளாம். இதை எழுத வேண்டாம் என்கிறாள் எஸ்தர். எழுது.

வியாபாரம் நன்றாகத்தான் ஏறி வந்தது. கண்ணாடிதான் பேஜாரு பண்ணியது.

வெயில் சாய்ந்தால் வேறு சேலை

வீடு மேற்குப் பார்த்தது. காலையில் ஒன்றும் தெரியாது. மத்தியானத்துக்கு மேல், பெண்கள் சமையல் முடித்துப் போனைக் கையில் எடுக்கிற நேரத்தில், கதவிலிருந்து வண்ணம் கிளம்பிக் கூடத்தில் நடக்க ஆரம்பிக்கும். க்ரீம் ரோஸாகும். ரோஸ் ஊதாவாகும். ஆர்டர் போட்டவர்களுக்குப் பார்சல் போய்ச் சேர்ந்ததும் போன் வரும்.

"ஏங்க, நான் கேட்டது மயில் பச்சை. நீங்க அனுப்பினது சாம்பல்."

சாம்பல்தான் சரி. எஸ்தர் நாணயமாக என்ன இருந்ததோ அதைத்தான் அனுப்பியிருப்பாள். கண்ணாடி சொன்ன பொய்க்கு அவள் பழி சுமந்தாள். திரும்பி வந்த பார்சல்கள் பீரோ பக்கத்தில் ஏறிக்கொண்டே போயின.

கதவைத் திறந்து வைத்தால் தெருவே உள்ளே வந்து நிற்கும். திரை போட்டால் கூடம் கும்மிருட்டு. பின்கட்டில் வைத்துக் காட்டலாம் என்றால் கடல் காற்று. சேலை முகத்தில் அடிக்கும், அடுத்த வீட்டுச் சேவல் இடையில் பேசும்.

கண்ணாடிக்கு நியூஸ் பேப்பர் ஒட்டிப் பார்த்தோம். ஒட்டிய அன்றே பக்கத்து வீட்டுத் தேவகி வந்துவிட்டாள்.

"இன்னாக்கா, கண்ணாடிய மூடிகீறீங்க. வூட்ல யாருக்குனா அம்மையா?"

"அம்மையும் இல்ல, ஒன்னும் இல்ல. வெளிச்சம்."

"வெளிச்சம் வேணாம்னு யாருனா மூடுவாங்களா? அண்ணாத்த வந்து பாத்தா இன்னா சொல்லுவாரு?"

அவள் அண்ணாத்த என்றது என் அண்ணன் ஏழுமலையை. அந்தப் பெயரைக் கேட்டதும் நானும் எஸ்தரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்று சாயங்காலமே பேப்பரைக் கிழித்துவிட்டோம்.

கதவு வந்த நாள்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஏன் ஒரு கண்ணாடியை எடுக்க இவ்வளவு பயம் என்று உங்களுக்குத் தோன்றும்.

நான் கல்யாணமாகி நெம்மேலிப் பக்கம் வந்தபோது எங்களுக்கு இருந்தது ஓலைக் குடிசை. கதவு என்று ஒன்று கிடையாது, கீற்றுப் படல்தான். இரவில் அதை இழுத்து ஒரு கயிற்றால் கட்டுவோம். நாய் முட்டினால் திறந்துகொள்ளும். ஒருமுறை ஆடு உள்ளே வந்து ஊறவைத்த அரிசியைத் தின்றுவிட்டுப் போனது. நானும் என் வீட்டுக்காரரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டோம், சவுக்குத் தோப்பில் கட்டை வெட்டினோம், அப்புறம் அவர் கட்டட வேலைக்குப் போனார். மெல்ல மெல்லத்தான் சுவர் எழும்பியது. எங்கள் காலனியில் தளம் போட்ட முதல் வீடுகளில் எங்களுடையதும் ஒன்று.

எங்கள் ஜாதி சனத்தில் ஒரு வழக்கம். வீடு கட்டினால் தலைவாசல் கதவு பெண்ணின் பிறந்த வீட்டுச் சீர். அண்ணன் தம்பி கொண்டுவந்து வைக்க வேண்டும். அது வேப்பங்கட்டைக் கதவாக இருந்தாலும் சரி, அவர்கள் கை வைத்துத் திறந்த பிறகுதான் மற்றவர்கள் நுழைவார்கள்.

அண்ணன் அப்போது மெட்ராசில் பழைய பங்களா இடிக்கிற வேலையில் இருந்தான். அங்கே கிடைத்த கதவு இது. மணல் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிற லாரியில் ஏற்றி, மெத்தையில் சுற்றி, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே பின்னால் உட்கார்ந்து வந்தான். ரோட்டு முனையில் இறங்கும்போது உடம்பெல்லாம் மணல், கண் மட்டும் தெரிந்தது.

"கன்னீ, ஒரு துண்டு கூட ஒடையல பாரு," என்றான்.

மெத்தையைப் பிரித்தபோது தெருவே கூடிவிட்டது. எல்லாரும் கையை நீட்டி அந்த வண்ணத்தில் நனைத்துப் பார்த்தார்கள். மறுநாள் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வண்டியில் போனவர், நிறுத்தி, காலை ஊன்றி நின்றார்.

"யாரு வூடு இது?"

"எங்க வூடு," என்றேன்.

"கண்ணாடிக் கதவா?"

"ஆமாங்க. எங்கண்ணன் வெச்ச சீரு."

அவர் கதவை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார். அன்றைக்கு நான் வாசலை இரண்டு தடவை பெருக்கினேன். குப்பை ஒன்றும் இல்லை. வாசலில் நிற்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

அப்படிப்பட்ட கதவு. மொட்டை அடிப்பதும் காது குத்துவதும் மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே. அதுபோல மாமன் வைத்த சீரை மாற்றுவதென்றாலும் மாமன் கைதான் முதலில் தொட வேண்டும். அவரைக் கேட்காமல் எடுத்தால் பிறந்த வீட்டுச் சொந்தத்தை வெட்டிக்கொண்டதாக அர்த்தம்.

"மாமாகிட்ட அப்பால சொல்லிக்கலாம்மா, நான் ஆசாரிய இட்டாறேன்," என்றான் சேகர்.

"உன் தோல உரிச்சிடுவேன்," என்றேன்.

இதற்கு நடுவே எஸ்தருக்குப் பழைய ஆபீசிலிருந்து போன் வந்தது. இடம் காலியாம், வருகிறாயா என்று. நைட் ஷிப்ட்தான். அவள் என்னிடம் சொல்லவில்லை. பின்கட்டில் நின்று, "கொஞ்ச நாள் டைம் குடுங்க மேடம்" என்று பேசியது என் காதில் விழுந்தது. பண்டிகைச் சீசன் வருகிறது, அதிலும் பார்சல்கள் இப்படித் திரும்பினால் மொத்த வியாபாரி சரக்குத் தரமாட்டார். வியாபாரம் நிற்பதும் விழுவதும் இந்தச் சில மாதத்தில்தான்.

நான் செங்கல்பட்டுக்குக் கிளம்பினேன்.

செங்கல்பட்டில் நான் சொன்னதும் சொல்லாததும்

மாமல்லபுரத்தில் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ். ஜன்னலோரம் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். 'அண்ணா, கண்ணாடிய எடுத்துடலாம்னு கீறோம்.' எவ்வளவு சுலபம். பக்கத்தில் இருந்த பெண் என் உதடு அசைவதைப் பார்த்து, நான் சாமி பெயர் சொல்வதாக நினைத்து நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தாள்.

அண்ணன் இப்போது மகன் வீட்டில் இருக்கிறார். சின்ன வயதில் டா போட்டுப் பேசியவள்தான் நான். தலை நரைத்த பிறகு மரியாதை தானாக வந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் கட்டிலில் இருந்து எழுந்து, "நாஸ்தா துன்னியா? குந்து, குந்து," என்றார். இட்லி வந்தது. காபி வந்தது. சாப்பாட்டுக்குக் கருவாட்டுக் குழம்பு வந்தது. ஒவ்வொன்றும் முடிந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன்.

கடைசியில் அவரே கேட்டார். "இன்னா சமாச்சாரம்? சொம்மா வர ஆளு இல்லியே நீ."

"கதவு..." என்றேன்.

"கதவுக்கு இன்னா?"

"ஒன்னும் இல்லண்ணா. கண்ணாடிதான் கொஞ்சம் ஒரு மாதிரி கீது."

"ஒரு மாதிரின்னா? மங்கிப் போச்சா?"

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்து இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருடம் கழித்தும் அந்தக் கதவைப் பற்றிக் கேட்கும்போது அவர் நெஞ்சு கொஞ்சம் முன்னால் வருகிறது.

"உப்புக் காத்து இல்லியா," என்றேன்.

"அதான் பாத்தேன். நானே வரேன். ஒரு கை பாத்துடறேன்."

வீட்டுக்கு வந்ததும் எஸ்தர் ஓடி வந்தாள். "கேட்டீங்களா அத்தே?"

"வராரு."

"எடுக்கவா?"

"வராரும்மா," என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போய்விட்டேன்.

பளபளவென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஞாயிற்றுக்கிழமை எஸ்தரும் குழந்தையும் சர்ச்சுக்குப் போயிருந்தார்கள். சேகர் வண்டிக்குப் போய்விட்டான். அண்ணன் ஒரு பையோடு வந்தார். பையில் சோப்புத்தூள், எலுமிச்சம்பழம், பழைய வேட்டித் துணி, பல் தேய்க்கிற பிரஷ்கள். வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"அண்ணா, அது வந்து..."

"நீ தண்ணி மட்டும் மொண்டு குடு."

நான் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். வேறு என்ன செய்வேன். வருடக்கணக்கில் படிந்த உப்பையும் புகையையும் துண்டு துண்டாகத் தேய்த்து எடுத்தார். மூலையில் விரிசல் விட்ட ஒரு சிவப்புத் துண்டுக்குப் பதிலாகப் புதுச் சிவப்பு ஒன்று எங்கிருந்தோ வாங்கிவந்து பொருத்தினார். முடித்தபோது எனக்கே மூச்சு நின்றது. கதவு வந்த நாளில் இருந்ததைவிட அழகாக இருந்தது.

சர்ச்சிலிருந்து திரும்பிய எஸ்தர் வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். அண்ணன் என் மகனுக்குத் தாய்மாமன். அவளுக்கு முறைப்படி பெரியப்பா.

"எப்டி கீதும்மா?" என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர்க் குடத்தைப் பார்த்தேன்.

"ரொம்ப நல்லா கீது பெரியப்பா," என்றாள். என்ன ஒரு பெண். அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவள் குரல் நடுங்கக்கூட இல்லை.

அன்று மத்தியானமும் லைவ், அதாவது போனில் நேரடியாகச் சேலை காட்டுவது, இருந்தது. முன்கூட்டியே சொல்லிவைத்த லைவ், தள்ளிப்போட முடியாது. அண்ணன் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, தன் மருமகன் மனைவி வியாபாரம் செய்வதைப் பார்க்கத் தயாரானார்.

வெயில் வந்தது. துடைத்த கண்ணாடி இல்லையா, கூடம் திருவிழாப் பந்தல் மாதிரி ஆகிவிட்டது. எஸ்தர் போனைப் பார்த்து வாசித்தாள். "ஆயா முகம் ஏன் பச்சையா இருக்கு, உடம்பு சரியில்லையான்னு கேக்கறாங்க."

"நல்லாதான் கீறேன்னு சொல்லு," என்றேன்.

எஸ்தர் ஒவ்வொரு சேலையையும் என் தோளில் போடுவாள். பிறகு போனைப் பிடுங்கிக்கொண்டு, சேலையையும் சுருட்டிக்கொண்டு, பின்கட்டுக்கு ஓடுவாள். அங்கே காட்டிவிட்டு உள்ளே ஓடி வருவாள். மறுபடி அடுத்தது. நெற்றியெல்லாம் வேர்வை. ஓடுகிற ஓட்டத்தில் பார்க்கிறவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருந்தார்கள்.

அண்ணன் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டு பார்த்தார். அப்புறம் சிரிப்பு நின்றது.

"ஏம்மா, ஒவ்வொன்னுத்துக்கும் பின்கட்டுக்கு ஓடிகினு கீற?"

"காத்துக்கு பெரியப்பா."

அவர் எழுந்து வந்து, என் தோளில் இருந்த சேலையைத் தொட்டார். "இது ரோஸு தான?"

அவர் சேலையை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். வெளியே வெயிலில் விரித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அது சந்தன நிறம். திரும்பி வந்து அதை மடித்துக் கட்டிலில் வைத்தார்.

"எத்தினி நாளா இப்டி?"

"சேலை காட்ட ஆரம்பிச்சதுல இருந்து," என்றேன்.

"நீ செங்கல்பட்டு வந்தது இதுக்கா?"

"ஆமாண்ணா."

"வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

எஸ்தர் நடுவில் வந்தாள். "பெரியப்பா, கண்ணாடி இருக்கட்டும். எனக்கு ஆபீஸ்ல கூப்ட்டுகினுதான் கீறாங்க. நான் வேலைக்குப் போய்க்கறேன்."

"நைட்டுக்கா?"

"ஆமா பெரியப்பா."

"கொழந்த?"

அவள் கட்டிலில் இருந்த சேலையை எடுத்து மறுபடி மடித்தாள். அண்ணன் சட்டையை எடுத்து மாட்டினார். பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டார். டீ போட்டு வைத்திருந்தேன். அதைத் தொடாமல் வாசலைத் தாண்டிப் போய்விட்டார்.

டீ ஆறிப்போன வாரம்

பிறந்த வீட்டு ஆள் வாயில் எதுவும் வைக்காமல் வாசலைத் தாண்டினால் அது சாதாரணமில்லை. எங்கள் சித்தப்பா ஒருவர் அப்படி எழுந்து போனவர், வீட்டில் ஒரு சாவு விழுந்தபோதுதான் திரும்ப வந்தார். அந்த டீயைக் கொட்ட எனக்கு மனசு வரவில்லை. இரவு வரை டம்ளர் அங்கேயே இருந்தது.

அந்த வாரம் முழுவதும் செங்கல்பட்டிலிருந்து போன் வரவில்லை. நான் போட்டால் அண்ணன் மகன் எடுத்து, "நைனா வெளில போய்கீறாரு அத்தே" என்பான். எப்போது போட்டாலும் அதே பதில்.

எஸ்தர் தன் பழைய சுடிதார்களை எடுத்து இஸ்திரி போட்டாள். ஆபீசுக்குப் போடுகிறவை. நான் அதைப் பார்த்துக்கொண்டே கீரை ஆய்ந்தேன். "எல்லாம் என்னாலதான் அத்தே," என்றாள். "உன்னால இல்ல, என் வாயால," என்றேன். அவள் சிரிக்கவில்லை.

நான் ஒன்று முடிவு செய்துகொண்டேன். அண்ணன் பேசாவிட்டாலும் பரவாயில்லை, இந்தப் பெண்ணை மறுபடி அந்த வேனில் ஏற்றக் கூடாது. வெள்ளிக்கிழமை சேகரைக் கூப்பிட்டு, "ஆசாரிக்குச் சொல்லி வை," என்றேன். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். அண்ணன் என்பது எனக்கு மிச்சமிருக்கும் பிறந்த வீடு முழுவதும்தான்.

தட்டில் ஒன்றுமில்லை

ஆசாரி வருவதற்கு முன்னால் மேளம் வந்தது.

முதலில் யார் வீட்டிலோ விசேஷம் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் ஒரு மேளமும் ஒரு நாதஸ்வரமும் எங்கள் தெருவில் திரும்பி வருகின்றன. பின்னால் வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, என் அண்ணன் ஏழுமலை. அவர் கையில் பெரிய பித்தளைத் தாம்பாளம். பக்கத்தில் அவர் மகன் கையில் வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, தேங்காய், பூச்சரம். அதற்கும் பின்னால் செங்கல்பட்டு ஆசாரி ஒருவர், உளியும் குறடும் எடுத்துக்கொண்டு.

தேவகி வாசலில் இருந்து கழுத்தை நீட்டினாள். "இன்னா அண்ணாத்தே, மேளம் வெச்சி வெறும் தட்டு எடுத்துகினு வரீங்க?"

"கண்ண நல்லாத் தொடச்சிகினு பாரு," என்றார் அண்ணன்.

அவள் இறங்கி வந்து குனிந்தாள். தாம்பாளத்தில் கண்ணாடி இருந்தது. வெற்றிலை அளவில் வெட்டிய, நிறமே இல்லாத, தெளிந்த தண்ணீர் மாதிரியான கண்ணாடித் துண்டுகள். அவ்வளவு சுத்தமாகத் துடைத்திருந்ததால் தட்டின் பித்தளைதான் தெரிந்தது. ஒவ்வொன்றின் மூலையிலும் சின்னதாக மஞ்சள் வைத்திருந்தார்.

தெருவே வந்து தாம்பாளத்துக்குள் பார்த்தது. சீர் வரிசையில் நகையும் பட்டும் பார்த்தவர்கள், ஒன்றும் தெரியாத சீரை அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

வாசலில் நின்று என்னைப் பார்த்தார். என் கண்ணெல்லாம் தண்ணீர்.

"எங்கண்ணா போய்ட்ட?"

"வெச்ச சீர வெறுங்கையோட வந்து எடுக்க முடியுமா? எடுத்த எடத்துல வேற வைக்கணும்ல. அன்னிக்கு மாத்தின செவப்பு அளவுக்கே வெட்டிக் குடுக்க ஒரு கண்ணாடிக்காரன அலைஞ்சி தேடினேன். நான் கோவிச்சிகினேன்னு உனுக்கு நெனப்பு. போய் டீ போடு, அன்னிக்கு டீ பாக்கி கீது."

எஸ்தர் ஓடி வந்து ஆரத்தி எடுத்தாள். அவளுக்கு அது பழக்கமில்லை. தட்டை எதிர்ப்பக்கமாகச் சுற்றினாள். யாரும் திருத்தவில்லை.

முதல் துண்டு

கதவுக்குப் பொட்டு வைத்தோம். தேங்காய் உடைத்தோம். கீழே என் பழைய மெத்தையை விரித்தோம். கண்ணாடித் துண்டுகளின் மேல் ஆசாரி டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினார், உடைந்தாலும் சிதறக் கூடாது என்று. கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருக்கும் மெல்லிய ஓரச் சட்டத்தை உளியால் நெம்பி லேசாகக் கிளப்பிவிட்டு ஒதுங்கி நின்றார்.

அண்ணன் தோள்துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ஒரு நீலக் கண்ணாடியைப் பிடித்தார். இழுத்தார். வரவில்லை. உப்பும், கண்ணாடியை ஒட்டுகிற மக்கும் சேர்ந்து கல்லாகிப் போயிருந்தது.

"கதவ இங்க ஏத்தினதே நான்தான, எனுக்கே வரமாட்டேங்குது," என்றார்.

"ஆட்டி ஆட்டி எடுங்க பெரியவரே," என்றார் ஆசாரி.

ஆட்டினார். கிரீச் என்று ஒரு சத்தம். கண்ணாடி அவர் கையோடு வந்தது. அந்தக் கட்டத்தின் வழியாக நேராக ஒரு பாளம் வெளிச்சம் கூடத்தின் தரையில் விழுந்தது. அதில் எந்த நிறமும் இல்லை. தெருக் காற்றும் கூடவே வந்து எஸ்தரின் தலைமுடியைக் கலைத்தது.

அண்ணன் அந்த நீலத் துண்டைக் கண்ணில் வைத்து ஒருமுறை தெருவைப் பார்த்தார். பிறகு மெத்தையில் வைத்தார். மீதியை ஆசாரி எடுத்தார். மஞ்சள் ஒன்று மட்டும் உடைந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை புதிதாகப் போட்ட சிவப்பு எல்லாவற்றையும்விடச் சுலபமாக வந்துவிட்டது. அதற்கு எல்லாரும் சிரித்தோம், அண்ணனும்தான். எடுத்தவற்றைச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டிருக்கிறோம்.

காலியான கட்டங்களில் தெளிந்த கண்ணாடி ஏறியது. முதல் துண்டை வைத்ததும் அண்ணன் கைதான். இப்போது என் வீட்டுக்கு மாமன் சீர் இரண்டு. எங்கள் தெருவில் வேறு யாருக்கும் அப்படி இல்லை. இதை நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன், சொல்லிக்கொண்டும் இருக்கிறேன்.

மறுநாள் மத்தியானம்

அண்ணனை அன்று அனுப்பவில்லை. மறுநாள் லைவுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். அவருக்கும் போக மனசில்லை. சவரம் செய்துகொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

வெயில் தென்னையைத் தாண்டி வந்தது. கதவு வழியாக உள்ளே வந்து தரையில் படுத்தது. சும்மா வெயில். எஸ்தர் போனுக்கு முன்னால் நின்று, மாம்பழ நிறத்தில் இருந்த முதல் சேலையைக் கையில் எடுத்து விரித்துக் காட்டினாள்.

அப்போது பக்கத்தில் இருந்த இன்னொரு போன் அடித்தது. திண்டுக்கல் பெண் ஒருத்தி. ஏற்கெனவே ஒருமுறை வாங்கித் திருப்பி அனுப்பியவள். எஸ்தர் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அந்த மாம்பழக் கலர் எனக்குப் புடிச்சிருக்கு. ஆனா போன தடவை மாதிரி ஆயிரக் கூடாது பாருங்க. இப்பப் பாக்குற கலர்தான் வருமா?"

எஸ்தர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அண்ணன் எழுந்து போன் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"அம்மா, நான் இந்த வூட்டுத் தாய்மாமன் பேசறேன். நீ இன்னா கலரு பாக்கறியோ அதான் வரும். இது எங்க வூட்டு வெளிச்சம். நானே வெச்சது."

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. "சரிங்கய்யா. அப்ப எடுத்து வைக்கச் சொல்லுங்க. எங்க அக்காவுக்கும் ஒன்னு காட்டச் சொல்லுங்க."

எஸ்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். பிறகு ஆபீசுக்கு வரவில்லை என்று சொல்ல வேண்டும், சாயங்காலம் ஞாபகப்படுத்துங்கள் அத்தே என்றாள்.

"அத அப்பால பேசலாம்," என்றார் அண்ணன். என் பக்கம் திரும்பினார். "இன்னா கன்னி, பாத்துகினு நிக்கற? அவங்க அக்காவுக்குக் காட்டணும்ல. சேலைய எடுத்துத் தோள்ல போடு. நல்லா நிமுந்து நில்லு."

நிமிர்ந்து நின்றேன்.